இழுபடாத பக்கப்படங்கு: எண்ணெய் பூசுமுன் அறியவேண்டியவை

விவசாயியின் உழைப்பு அறுவடையோடு முடிந்துவிடுவதில்லை. களத்தில் கட்டிய மூடை நனையாமல் சந்தைக்குப் போய்ச் சேரும்வரை அந்தப் பொறுப்பு அவருடையதே. அரச கொள்வனவில் உலர்ந்த நெல்லுக்குரிய ஈரப்பதன் அளவு 14 சதவீதமாகும். அதற்கு மேற்பட்டால் விலை குறையும், அல்லது மூடை வந்த வழியே திரும்பும். காலபோக அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் வன்னியில் எதிர்பாராத மழை பெய்வதை நாம் பல தடவை கண்டிருக்கிறோம். அவ்வேளையில் ஒரு குடும்பத்தின் நான்கு மாத உழைப்புக்கும் மழைக்கும் இடையே நிற்பது லொறியின் படங்கு ஒன்றுதான்.

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானோருக்குச் சொந்த லொறி கிடையாது. சில இடங்களில் பல குடும்பங்கள் சேர்ந்து, சங்கத்தினூடாகவோ பங்கின் விவசாயக் குழுவினூடாகவோ, பழைய லொறி ஒன்றை வாங்கி ஓடுகின்றன. பழைய லொறி என்றால் இயந்திரம், ரயர், பற்றரி ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் பேசுவர். பக்கங்களை மூடும் படங்கைப் பற்றி மழை வரும்வரை எவரும் பேசுவதில்லை. மழை வந்ததும் இழுத்தால் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. இரண்டு ஆண்கள் தொங்கி இழுத்தாலும் அசைவதில்லை. பக்கத்தில் அடுக்கிய மூடைகள் நனைகின்றன.

இவ்வாறு படங்கு இறுகிப்போன இடங்களில் எமக்குக் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "பாதர், கொஞ்சம் கழிவு ஒயில் அடிச்சு விட்டால் ஓடும்தானே?" ஓடும் என்பது உண்மை. ஆனால் ஒரு கிழமைக்குத்தான் ஓடும். அதன்பின் முன்னரைவிட மோசமாக இறுகும். ஏன் இப்படி நடக்கிறது, எதை எங்கே பூச வேண்டும், எதை எங்கும் பூசக்கூடாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இறுக்கம் எங்கே இருக்கிறது?

எமது வீதிகளில் ஓடும் லொறிகளில் பக்கப்படங்கு இரண்டு விதமாக அமைந்திருக்கும். ஒன்று எளிய அமைப்பு: மேலே ஒரு இரும்புக் கம்பி, அதில் வளையங்கள், வளையங்களில் தொங்கும் படங்கு, கீழே கட்டுவதற்குக் கயிறு. மற்றையது வெளிநாட்டிலிருந்து வரும் லொறிகளில் உள்ள அமைப்பு: கூரையோரத்தில் ஒரு தண்டவாளம், அதற்குள் ஓடும் சிறு சில்லுகள், சில்லுகளில் தொங்கும் தடித்த படங்கு, அதன் கீழே வரிசையாகப் பட்டிகள், பட்டிகளை இறுக்கும் பக்கிள்கள், மூலையில் படங்கை முறுக்கி விறைப்பாக்கும் கைபிடி.

எந்த அமைப்பாயினும் "படங்கு இழுபடவில்லை" என்ற ஒரே முறைப்பாட்டுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். துணி விறைத்திருக்கலாம். தண்டவாளத்தில் மண் இறுகியிருக்கலாம். சில்லு தேய்ந்திருக்கலாம். பக்கிளில் கறள் ஏறியிருக்கலாம். தண்டவாளம் மரக்கிளையிலோ மதகிலோ இடிபட்டு வளைந்திருக்கலாம். அல்லது உள்ளே சாய்ந்த மூடை படங்கைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். வயிற்றுவலி என்று வருபவர் எல்லோருக்கும் ஒரே குளிசையைக் கொடுக்கும் வைத்தியரை நாம் நம்புவதில்லை. படங்குக்கும் அதே நியாயம் பொருந்தும்.

கண்டுபிடிக்கும் முறை எளிது. லொறியில் பாரம் இல்லாத நேரத்தில் எல்லாப் பட்டிகளையும் கழற்றிவிடுங்கள். உறுதியான ஏணி ஒன்றில் ஏறி, ஒருவர் ஏணியைப் பிடித்திருக்க, ஒவ்வொரு சில்லையும் அல்லது வளையத்தையும் தனித்தனியே கையால் நகர்த்திப் பாருங்கள். எல்லாமே இறுக்கமாக இருப்பது அரிது. ஒன்றோ இரண்டோதான் பிடித்துக்கொண்டிருக்கும். மற்றவை அவற்றின் பின்னால் அகப்பட்டு நிற்கும். எல்லாச் சில்லுகளும் ஒரே இடத்தில் வந்து நின்றால் குற்றம் சில்லில் அல்ல, தண்டவாளத்தில்தான். அவ்விடத்தில் அது வளைந்தோ நசிந்தோ இருக்கும். அதற்கு எண்ணெய் மருந்தல்ல. கராஜில் நிமிர்த்துவதே மருந்து.

துணியை அறிந்துகொள்வோம்

படங்கு எமது மக்களுக்குப் புதிய பொருள் அல்ல. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து வெளியேறியபோதும், 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அடைபட்டிருந்தபோதும், நிவாரணமாகக் கிடைத்த விரிப்பு எமக்குக் கூரையாக இருந்தது, சுவராக இருந்தது, சில வேளை நெல் காயவிடும் பாயாகவும் இருந்தது. ஆனால் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் விரிப்புகள் எல்லாம் ஒரே பொருளால் ஆனவை அல்ல. அவை மூன்று வகைப்படும்.

முதலாவது, நிவாரண விரிப்பு. இது பொலித்தீன் இழைகளால் நெய்யப்பட்டது; பாரம் குறைந்தது. வெயில் பட்டுப் பட்டு இழைகள் நொருங்கிப் பொடியாகும். எந்த எண்ணெயும் அதனை மீட்காது. வெயில் படாமல் வைப்பதும் கிழிசலைப் பெரிதாகுமுன் தைப்பதுமே வழி.

இரண்டாவது, பருத்திக் கன்வஸ். பழைய லொறிகளில் காணப்படுவது. நனைந்தால் இதன் நூல்கள் ஊதி, நெருங்கி, விறைக்கும். அவ்வாறு நெருங்குவதால்தான் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கப்படுகிறது. எனவே நனைந்த கன்வஸ் விறைப்பது நோயல்ல. காய்ந்தால் மீண்டும் இளகும். இதற்குப் பகை ஈரத்தோடு மடித்து வைப்பது. ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடித்துச் சில கிழமைகளிலேயே துணி உக்கத் தொடங்கும்.

மூன்றாவது, பி.வி.சி. பூசிய தடித்த படங்கு. தண்டவாள அமைப்புள்ள லொறிகளில் இருப்பது இதுவே. தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாயும் இந்தப் படங்கும் அடிப்படையில் ஒரே பொருள் என்றால் பலர் வியப்படைவர். பி.வி.சி. இயல்பாகவே கடினமானது. அதனைத் துணிபோல் வளையச் செய்வதற்காகத் தொழிற்சாலையில் ஒருவகை மென்மையூட்டும் திரவத்தைக் கலக்கிறார்கள். அந்தத் திரவம் உள்ளே இருக்கும்வரை படங்கு இளக்கமாக இருக்கும். வெயிலாலும் வெப்பத்தாலும் அது மெல்ல மெல்ல வெளியேறுகிறது. வெளியேறிய அளவுக்குப் படங்கு குழாயின் தன்மையை அடைகிறது, மடிப்பில் வெடிக்கிறது.

எதைப் பூசக்கூடாது?

கழிவு ஒயில், கிறீஸ், டீசல், மண்ணெண்ணெய், பெற்றோல், பெயின்ற் கரைக்கும் தின்னர் ஆகியவை பி.வி.சி. படங்குக்குள் இருக்கும் மென்மையூட்டியை வெளியே இழுத்துவிடக்கூடியவை. மண்ணெண்ணெய் கொண்டு துடைத்ததும் படங்கு பளபளத்து இளகியதுபோல் தோன்றும். அது உலர்ந்தபின் துணி முன்னரைவிட விறைத்திருக்கும். இதைக் கண்டு மீண்டும் பூசுவோர் உண்டு. இவ்வாறு இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய படங்கைத் தம் கையாலேயே அழித்துவிடுகின்றனர்.

தண்டவாளத்துக்குள் பூசும் கிறீஸ் இன்னொரு வகையில் கெடுதி செய்கிறது. எமது உள்வீதிகளின் செம்மண் புழுதி அதில் ஒட்டும். கிறீஸும் மண்ணும் சேர்ந்தால் அது அரத்தூள் பூசியதற்குச் சமம். சில்லு தேயும், குழி விழும், கடைசியில் நின்றுவிடும்.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவை தீங்கற்றவை என்று எண்ணிப் பூசுவோரும் உள்ளனர். அவை நாளடைவில் பிசுபிசுக்கும். எறும்பும் எலியும் தேடி வரும். எலி வந்தால் படங்கை மட்டுமன்றி மூடையையும் கடிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த லொறியில் நாம் ஏற்றுவது உணவு என்பதை மறந்துவிடலாகாது. இயந்திரத்தில் ஓடிக் கழிந்த ஒயிலில் உலோகத் துகள்களும் உடலுக்குத் தீங்கான இரசாயனங்களும் உண்டு. அது படங்கின் உட்புறத்தில் வழிந்தால் கத்தரிக்காயிலும் வெங்காயத்திலும் படும். பொருளின் மணம் மாறினால் சந்தையில் கேள்வி எழும். மணம் மாறாவிட்டாலும், அதனை உண்ணும் பிள்ளை யாருடைய பிள்ளையாயினும் அது எமது பொறுப்பே.

செய்ய வேண்டிய முறை

பாரம் இல்லாத ஒருநாள் காலை, வெயில் ஏறுமுன், மூன்று பேர் சேர்ந்தால் மதியத்துக்குள் இந்த வேலையை முடித்துவிடலாம். தேவைப்படுபவை: இரண்டு வாளி நல்ல தண்ணீர், சவர்க்காரம், மென்மையான தூரிகை, பழைய பல்துலக்கி, கம்பித் தூரிகை, பழந்துணி, தையல் மெசின் எண்ணெய், மெழுகுதிரித் துண்டுகள், முடிந்தால் சிலிக்கோன் தெளிப்பான் ஒன்று.

1. முதலில் தண்டவாளம் அல்லது கம்பி. உள்ளே உள்ள மண்ணையும் பழைய கிறீஸையும் பல்துலக்கியாலும் துணியாலும் சுரண்டி எடுங்கள். பழைய கிறீஸைச் சவர்க்காரத் தண்ணீரால் பலமுறை தேய்த்துக் கழுவுங்கள். முற்றாகக் காயவிடுங்கள். இறுக்கத்தில் பெரும்பகுதி இந்தக் கழுவலோடு போய்விடுவதைப் பலர் கண்டிருக்கின்றனர்.

2. அடுத்துப் படங்கு. சவர்க்காரத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். மேலிருந்து கீழாகத் தேய்த்து, நல்ல தண்ணீரால் அலசுங்கள். பருத்திக் கன்வஸ் ஆயின் சவர்க்காரம் வேண்டாம்; அது தண்ணீரைத் தடுக்கும் மெழுகைக் கழுவிவிடும். வெறும் தண்ணீரும் தூரிகையுமே போதும்.

3. சில்லுகள். வெள்ளை நைலோன் சில்லாயின் சிலிக்கோன் தெளிப்பானைச் சிறிது அடித்து, வழிவதைத் துடைத்துவிடுங்கள். சிலிக்கோன் பி.வி.சி.யைக் கெடுக்காது, கிறீஸைப்போல் மண்ணைத் திரட்டிப் பிடித்துக்கொள்வதும் இல்லை. இரும்புச் சில்லாயின் அச்சில் ஒரு துளி தையல் மெசின் எண்ணெய் போதும். ஒரு துளி என்றால் ஒரு துளிதான். தட்டையாகத் தேய்ந்த சில்லை மாற்றியே ஆகவேண்டும்.

4. கம்பியும் வளையமும் உள்ள அமைப்பாயின் விலைக்கு வாங்க எதுவும் தேவையில்லை. கம்பியின் கறளைச் சுரண்டித் துடைத்தபின், மெழுகுதிரித் துண்டினால் நீளவாக்கில் இரண்டு மூன்று தடவை தேய்த்துவிடுங்கள். ஆலயத்தில் திருப்பலி முடிந்தபின் எஞ்சும் மெழுகுதிரித் துண்டுகளே இதற்குப் போதுமானவை. படங்கில் சிப் இருந்தால் அதன் பற்களிலும் இதையே தேய்க்கலாம்.

5. பக்கிள், கொழுக்கி, முறுக்கும் கைபிடி ஆகியவற்றைக் கம்பித் தூரிகையால் சுத்தஞ்செய்து, அசையும் மூட்டுகளில் மட்டும் ஒரு துளி எண்ணெய் விட்டுத் துடையுங்கள். கைபிடியின் பற்சில்லுக்குச் சிறிதளவு கிறீஸ் பூசலாம். பட்டியில் எண்ணெய் படவே கூடாது. எண்ணெய் பட்ட பட்டி பக்கிளுக்குள் வழுக்கும். ஓடும் லொறியில் அவிழும்.

6. கிழிசல்களை ஒட்டுப்போட வேண்டுமாயின் அவ்விடத்தில் சிலிக்கோன் படுமுன் ஒட்டிவிடுங்கள். சிலிக்கோன் பட்ட இடத்தில் எந்தப் பசையும் பிடிக்காது.

7. முற்றாகக் காய்ந்தபின்னரே படங்கை ஒதுக்கிக் கட்டுங்கள். பி.வி.சி. படங்கை அழுத்தி மடிக்காமல் தளர்வாக ஒதுக்க வேண்டும். லொறி நிற்கும் இடம் மரநிழலாக இருந்தால் படங்கின் ஆயுள் கூடும்.

பூநகரியிலிருந்து 2011 இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தினூடாகவோ, மன்னார்த் தாம்போதியினூடாகவோ அடிக்கடி ஓடும் லொறிகளுக்கு ஒரு மேலதிகக் கவனம் தேவை. உப்புக்காற்று பக்கிள்களிலும் சில்லுகளின் அச்சிலும் விரைவாகக் கறளை ஏற்படுத்தும். கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் அவற்றைக் கழுவிக் காயவிடுவது நன்று. மற்றைய லொறிகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறையும், மாரி தொடங்குமுன் புரட்டாதியில் ஒருமுறை முழுமையாகவும் செய்தால் போதும்.

படங்கு சுவர் அல்ல

இங்கு உயிரோடு தொடர்புடைய ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். எல்லாம் சுத்தமாக இருந்தும் பக்கிள் திறக்க மறுத்தால், உள்ளே மூடைகள் சாய்ந்து படங்கைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் படங்கு வயிறு ஊதியதுபோல் தெரியும். அவ்வேளையில் நேரே முன்னால் நின்று பக்கிளை அடித்துத் திறந்தால் மூடைகள் திறப்பவரின்மேல் விழும். ஒரு நெல் மூடை மேலிருந்து விழுந்தால் கழுத்து முறியும். பக்கமாக விலகி நின்று, எதிர்ப்பக்கத்தையோ பின்கதவையோ திறந்து, உள்ளிருந்து மூடைகளை ஒழுங்குபடுத்திய பின்னரே திறக்க வேண்டும்.

அதேபோல் கூலிவேலைக்குச் செல்வோரும் பிள்ளைகளும் லொறியின் பின்னால் ஏறி, படங்கில் முதுகைச் சாய்த்து அமர்வதைக் காண்கிறோம். படங்கு மழைக்கு மறைப்பு. மனிதரைத் தாங்கும் சுவர் அல்ல. ஒரு பக்கிள் அவிழ்ந்தால் சாய்ந்திருப்பவர் வீதியில் விழுவார். இதனைச் சாரதி மட்டுமன்றி ஏறுகின்ற ஒவ்வொருவரும் மனத்திற் கொள்ள வேண்டும்.

யாருடைய வேலை?

இறுகிய படங்கினால் எல்லோரும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. வீட்டில் இரண்டு இளைஞர் உள்ள குடும்பம் எப்படியோ இழுத்து மூடிவிடும். போரிலே கணவனை இழந்து தனியே பயிர்செய்யும் தாய் என்ன செய்வார்? "தம்பி, ஒருக்கா வந்து இழுத்து விடுங்கோ" என்று ஒவ்வொரு தடவையும் யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கிறது. ஆள் வரும்வரை லொறி நிற்கும். அல்லது படங்கைத் திறந்தபடியே விட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். சில்லுகள் இலகுவாக ஓடினால் அவர் ஒரு கையால் மூடிவிடுவார். ஒரு துளி எண்ணெயும் ஒரு மெழுகுதிரித் துண்டும் அவருக்கு மற்றவரின் தயவில் தங்கியிராத நிலையைக் கொடுக்கின்றன. அபிவிருத்தி என்ற பெரிய சொல்லுக்கு இதுவும் ஒரு பொருள்தான்.

பொதுவான லொறியில் நாம் காணும் குறை இதுவே: எல்லோருக்கும் சொந்தமானது எவருடைய கவனத்திலும் இல்லை. சாரதி, தமக்குச் சம்பளம் ஓட்டுவதற்கே என்பார். பொருள் ஏற்றுபவர், வாடகை கொடுத்துவிட்டேன் என்பார். குழுவின் தலைவர், அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்பார். இதற்கிடையில் மாசி மழை எவருடைய கூட்டத்துக்கும் காத்திராது. ஆகவே லொறி வைத்திருக்கும் ஒவ்வொரு குழுவும் படங்குக்கென ஒருவரைப் பெயர் குறித்து நியமிப்பது நல்லது. கழுவிய நாள், மாற்றிய சில்லு, ஒட்டுப்போட்ட இடம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். ஆண்டுதோறும் ஆளை மாற்றினால் எல்லோரும் வேலையைக் கற்றுக்கொள்வர். பெண்களையும் இப்பொறுப்பில் சேர்ப்பது அவசியம். இழுபடாத படங்கின் கஷ்டத்தை அதிகம் அறிந்தவர்கள் அவர்களே.

மூத்த சாரதிகளிடம் கேட்பதும் பயன்தரும். 2002 இல் ஏ9 வீதி திறக்கப்பட்டு 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்படும்வரை, ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைக்காகப் படங்கை அவிழ்த்து, பொருளை இறக்கி, மீண்டும் ஏற்றிக் கட்டியவர்கள் அவர்கள். கயிறு, முடிச்சு, படங்கு பற்றி அவர்கள் அறிந்தவற்றை எந்தப் புத்தகமும் எமக்குச் சொல்லாது. அந்த அறிவு அவர்களோடு மறைந்துவிடக்கூடாது.

பவுலடியாரின் கைத்தொழில்

படங்கைப் பற்றிப் பேசுவது ஒரு குருவானவருக்குரிய வேலையா என்று சிலர் கேட்கக்கூடும். திருத்தூதர் பணிகள் நூலின் 18ஆம் அதிகாரத்தை அவர்கள் வாசித்துப் பார்க்கட்டும். உரோமைப் பேரரசரின் கட்டளையால் உரோமையிலிருந்து வெளியேற்றப்பட்ட அக்கிலாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாவும் கொரிந்து நகரில் தஞ்சமடைந்தனர். அவர்கள் கூடாரத் தொழிலாளர். அதே தொழிலை அறிந்த பவுல் அவர்களுடைய வீட்டில் தங்கி, அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். பவுல் பிறந்த சிலிசியா நாடு ஆட்டுமயிரால் நெய்த முரட்டுத் துணிக்குப் பெயர்பெற்ற இடம். ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட ஒரு குடும்பமும் ஒரு திருத்தூதரும் முரட்டுத் துணியைத் தைத்துக்கொண்டிருந்த அந்த வீட்டிலிருந்துதான் கொரிந்துத் திருச்சபை வளர்ந்தது. கைவேலையை அவர்கள் இழிவாக எண்ணவில்லை. இடம்பெயர்ந்த காலத்திலும் தொழிலைக் கைவிடவில்லை.

எமது மக்களில் இன்னமும் தமது காணி திரும்பக் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். காணி பற்றிய குரலை நாம் தொடர்ந்து எழுப்புவோம். அதுவரை எமது கையில் இருப்பதைப் பேணுவதும் அந்தப் போராட்டத்தின் ஒரு பகுதியே. பிறருடைய காணியில் குத்தகைக்குப் பயிரிட்டு விளைந்த நெல்லாயினும் அது எமது வியர்வை. அது நனையாமல் போய்ச் சேரட்டும்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது லொறியின் அல்லது உழவு இயந்திரப் பெட்டியின் படங்கு எவ்வகைத் துணி? கடைசியாக எப்போது கழுவினோம்?

2. அதனை ஒரு பெண் தனியே மூடித் திறக்க முடிகிறதா? முடியாவிட்டால் இறுக்கம் எங்கே இருக்கிறது?

3. இதுவரை படங்கிலும் தண்டவாளத்திலும் எவற்றைப் பூசி வந்தோம்? அவற்றின் விளைவு என்ன?

4. புரட்டாதி முடியுமுன் இந்த வேலையைச் செய்ய யார் யார் முன்வருகிறோம்?